கேம் திணறினால் பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா, போர்டோடு மாற்ற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் இருப்பது ரைசன் 5 2600, ஒரு பி450 மதர்போர்டு (சுருக்கமாக போர்டு), இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 3060, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் சண்டை சூடுபிடித்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) இறங்குகிறது. சைபர்பங்க் 2077-இல் ஜனநெரிசலான தெருவுக்குள் வண்டி ஓட்டினால் லேக் அடிக்கிறது. பிராசஸரை மட்டும் மாற்றலாமா, அல்லது போர்டு, ராம் எல்லாவற்றையும் மாற்றி ஏஎம்டி-யின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்கு மொத்தமாகப் போய்விடலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டை மாற்ற வேண்டாம், ராமை மாற்ற வேண்டாம். அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம், உங்களுடையது ஏஎம்4) ரைசன் 5 5600 போட்டால் உங்கள் 3060 கார்டுக்குத் தாராளம். 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 ராம் விலை ஏறியிருக்கிற ஏற்றத்தைப் பார்த்தால், நல்ல டிடிஆர்4 கையில் இருப்பவர் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் காசை எடுத்து வைக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். ஏனென்றால் "பிராசஸர் பழசு, அதான் லேக்" என்று நினைத்து மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

சோதனைக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். திரையில் தெரிய வேண்டியவை: எஃப்பிஎஸ், ஃபிரேம்டைம் (ஒரு ஃபிரேம் தயாராகப் பிடிக்கும் நேரம்), கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தடம்) பயன்பாடு தனித்தனியாக, பிராசஸரின் வெப்பநிலையும் வேகமும், ராம், விராம் (கார்டின் சொந்த மெமரி). எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்கை அணையுங்கள். கேமுக்குள்ளும் என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் எஃப்பிஎஸ் வரம்பு ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வரம்பு இருந்தால் கார்டு சும்மா இருப்பதுபோல் தெரிந்து ஏமாந்துவிடுவோம். பிறகு எங்கே திணறுகிறதோ அதே இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள்.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டில் இருக்கிறது. எந்தப் பிராசஸர் போட்டாலும் அந்தக் கேமில் எஃப்பிஎஸ் ஏறாது. 60, 70 என்று தொங்கினால் பிராசஸர் பக்கம்தான் தடை. உறுதி செய்ய, ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள் அல்லது டிஎல்எஸ்எஸ்-ஐ (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். எஃப்பிஎஸ் அசையவே இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், பிராசஸர்தான்.

இங்கே எல்லாரும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 50 சதவீதம்தான் காட்டுகிறது, பிறகு எப்படி அது தடை ஆகும்? 2600-இல் 12 த்ரெட். ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பெரும்பாலான கேம்களில் ஒரு முக்கிய த்ரெட்டும், கார்டுக்கு வேலை அனுப்பும் இன்னொரு த்ரெட்டும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அவை இரண்டும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற பத்தும் பாதி சும்மா இருக்கலாம். 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 6.9 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். அந்த முக்கிய த்ரெட்டுக்கு 11 மில்லிசெகண்ட் பிடித்தால் உங்களுக்குக் கிடைப்பது 90 எஃப்பிஎஸ்தான், கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கைக்குத் தெரிவது 1 சதவீத லோ, அதாவது மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ். சராசரி 110 இருந்து 1 சதவீத லோ 45-க்கு விழுந்தால் அந்தக் கேம் 110 போல் இருக்காது. பிராசஸர் மாற்றத்தின் பலன் முதலில் தெரிவதும் இந்த எண்ணில்தான்.

சோதனையில் பிராசஸர் பக்கம் என்று தெரிந்த பிறகும், பிராசஸரையே குற்றம் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை சில. முதலாவது ராம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் வேகம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு மெனு) எக்ஸ்எம்பி (ராமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடவே இல்லை என்று அர்த்தம். 3200 என்று அச்சிட்டு விற்ற ராம் வருடக்கணக்காக 2133-இல் ஓடிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். ரைசனில் கோர்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகம் ராமின் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் இந்த இழப்பு இரட்டிப்பாக வலிக்கும். 2600-இல் 3200 நிலைக்கவில்லை என்றால் 2933 வையுங்கள். இரண்டு ராமும் பிராசஸரிலிருந்து எண்ணினால் 2-வது, 4-வது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். 1-லும் 2-லும் பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்தால் பெரும்பாலான போர்டுகளில் சிங்கிள் சேனலில் ஓடும்.

இரண்டாவது வெப்பம். 2600-உடன் வந்த ரெயித் ஸ்டெல்த் கூலரின் துடுப்புகளில் தூசி அடைத்து, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் காய்ந்துபோய், மே மாத அறைச் சூடும் சேர்ந்தால் வேகம் தானாக இறங்கும். கேம் ஓடும்போது எல்லாக் கோரிலும் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஷேடர் கம்பைல் ஸ்டட்டர், அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களைக் கேம் ஓடும்போதே தயாரிப்பதால் வரும் வெட்டு. ஒரு புது இடமோ புது எஃபெக்டோ முதல்முறை வரும்போது மட்டும் ஒரு வெட்டு வெட்டி, அதே இடத்தில் மறுபடி ஓடினால் வழுவழுப்பாகப் போனால் அது கேம் எழுதிய விதத்தின் கோளாறு. வேகமான பிராசஸர் அந்த வெட்டைச் சற்றுக் குறைக்கும், ஒழிக்காது. அதோடு விண்டோஸ் 11-க்காக எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி) இயக்கியவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை முழுக் கம்ப்யூட்டரும் ஓரிரு நொடி உறைந்து சத்தமும் இழுபட்டால், அதற்கும் கேமுக்கும் சம்பந்தமில்லை. ஏஎம்டி 2022-இல் ஒப்புக்கொண்ட பிரச்சினை அது. அதற்குப் பிறகு வந்த பயாஸில் சரிசெய்யப்பட்டுவிட்டது.

காசு செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. பிராசஸர் தடையாக இருக்கும்போது ரெசல்யூஷனைக் குறைப்பது வீண். குறைக்க வேண்டியவை கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே ட்ரேசிங். கடைசியாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரே ட்ரேசிங் கார்டின் வேலை மட்டுமல்ல. காட்சியில் உள்ள பொருள்களை ஒளிக்கதிர் தேடுவதற்கேற்ற ஒழுங்கில் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பித்துக்கொடுக்கும் வேலையில் பிராசஸருக்கும் பங்கு உண்டு. சைபர்பங்கில் கூட்ட அடர்த்தியை ஒரு படி இறக்கிப் பாருங்கள், உங்கள் 2600-இல் வித்தியாசம் உடனே தெரியும்.

இவ்வளவும் பார்த்து, ராம் சரி, வெப்பம் சரி, ஆனாலும் கார்டு 65 சதவீதத்தில் சோம்பிக் கிடக்கிறது என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் 2600 கேமில் இவ்வளவு பின்தங்குகிறது? அதிலும் 6 கோர், 5600-இலும் 6 கோர். வேறுபாடு உள்ளமைப்பில். 2600-இல் ஆறு கோர்கள் மும்மூன்றாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 8 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி. ஒரு குழுவில் ஓடும் த்ரெட்டுக்கு அடுத்த குழுவின் தகவல் வேண்டுமென்றால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழியாகச் சுற்றிப் போய் எடுத்துவர வேண்டும். 2020 நவம்பரில் வந்த, 5600-இல் உள்ள ஜென் 3 அமைப்பில் ஆறு கோரும் ஒரே 32 எம்பி கேஷைப் பகிர்ந்துகொள்கின்றன. கேம் ஒன்றில் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்கள் இங்கும் அங்குமாகத் தேடப்படுகின்றன. கேஷில் கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் ராம்வரை போய்வரும் காத்திருப்பு. கேஷ் பெரிதானால் அந்தக் காத்திருப்பு குறைகிறது, 1 சதவீத லோ தூக்குகிறது. எக்ஸ்3டி வகைகளில் இதற்கு மேல் 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். 5700எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், 5600-க்கு 4.4. ஆனாலும் பெரும்பாலான கேம்களில் முன்னது ஜெயிப்பது இதனால்தான். கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து கேமிங் பிராசஸர் வாங்கக் கூடாது.

கடையில் பெயர்கள் செய்யும் குழப்பமும் இங்கேதான். ஏஎம்4-இல் 5500, 5600ஜி, 5600ஜிடி, எக்ஸ் இல்லாத 5700 ஆகியவை லேப்டாப் வடிவமைப்பிலிருந்து வந்தவை. எல்3 கேஷ் 16 எம்பிதான், கார்டைப் பிராசஸரோடு இணைக்கும் பிசிஐஇ-யும் 3.0-தான். 5700 என்ற எண்ணைப் பார்த்து 5600-ஐவிடப் பெரியது என்று எடுத்தால் கேமில் பின்தங்குவீர்கள். 5700எக்ஸ் அப்படியல்ல, அது 8 கோரும் 32 எம்பியும் கொண்ட முழுமையான ஜென் 3. ஆனால் வெறும் கேமுக்கு 5600-ஐவிடப் பெரிய முன்னேற்றம் இராது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸரால் ரெக்கார்டிங் என்கோட் செய்வது, வீடியோ எடிட்டிங் என்று வேலை இருந்தால் எடுங்கள். 5900எக்ஸ், 5950எக்ஸ் இரண்டையும் கேமுக்காக நினைக்கவே வேண்டாம்.

ஆக உங்களுக்கு இரண்டே தேர்வு. 3060 கார்டையே இன்னும் இரண்டு மூன்று வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் 5600. அடுத்து 5070 போன்ற ஒரு கார்டை இதே போர்டில் போடும் எண்ணம் இருந்தால், அல்லது எம்எம்ஓ (பலர் ஒன்றாக ஆடும் ஆன்லைன் கேம்), சிமுலேட்டர், ஃபேக்டோரியோ மாதிரி கேஷை விழுங்கும் கேம்கள் உங்கள் விருப்பம் என்றால் 5700எக்ஸ்3டி. இதிலும் 5800எக்ஸ்3டி-யிலும் புதுச் சரக்கு அருகிவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பெட்டி இல்லாமல் ட்ரே பிராசஸராக வந்தால் வாரன்டி கம்பெனியுடையதா, கடைக்காரருடையதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழையது வாங்குவதானால் பிராசஸரைப் புரட்டி, அடியில் உள்ள 1331 பின்களையும் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வரிசை பிசகிய ஒரு பின் கூட உடனே கண்ணில் படும். எக்ஸ்3டி விலை 5600-ஐப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் 3060 வைத்திருப்பவர் அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

மாற்றும் வேலையில் வரிசை முக்கியம். பழைய 2600 உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். போர்டின் சரியான மாடலையும் ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலில் நீங்கள் வாங்கும் பிராசஸருக்கு எந்தப் பயாஸ் வேண்டும் என்று பாருங்கள். அதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள், அல்லது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிராசஸருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம்-தான் அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கிறது. பிராசஸர் போனால் சாவியும் போய்விடும். பயாஸ் கோப்பை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃபிளாஷ் வசதியின் மூலமே ஏற்றுங்கள், விண்டோஸிலிருந்து வேண்டாம். நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடும் என்பதால் யுபிஎஸ்ஸில் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

கழற்றும்போது ஏஎம்4-க்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. பின்கள் பிராசஸரில் இருப்பதாலும், பேஸ்ட் இறுகிப்போயிருப்பதாலும், கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸரும் கூடவே பிய்ந்து வந்துவிடும். பின்கள் வளைவது பெரும்பாலும் இப்படித்தான். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகுங்கள். அது வழுக்கிச் சுற்ற ஆரம்பித்த பிறகு மட்டும் தூக்குங்கள். ரெயித் ஸ்டெல்த்தின் நான்கு ஸ்க்ரூவும் போர்டின் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டில்தான் மாட்டியிருக்கும். ஸ்க்ரூ கழன்றதும் பேக்பிளேட் பின்பக்கம் விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புது டவர் கூலர் கொக்கி மாட்டும் வகை என்றால் போர்டோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளும் வேண்டும். போர்டு வாங்கிய பெட்டியை இப்போதே தேடி வையுங்கள்.

புதுப் பிராசஸரின் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துப் பார்த்து வைத்தால் தானாக இறங்க வேண்டும். அழுத்தம் தேவைப்பட்டால் ஏதோ தவறு. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட். 5600-உடன் கூலர் வரும், அதுவே போதும். 5700எக்ஸ்3டி-யுடன் கூலர் வராது. 120 மில்லிமீட்டர் ஃபேனும் நான்கு ஹீட்பைப்பும் உள்ள சிங்கிள் டவர் தாராளம், லிக்விட் கூலருக்குச் செலவழிக்க வேண்டாம். முதல்முறை ஆன் செய்யும்போது திரை வர ஒரு நிமிடம் ஆகலாம். புதிய சிபியு, எஃப்டிபிஎம் ரீசெட் செய்யவா என்று கேட்டால், ரெகவரி கீ கையில் இருந்தால் மட்டும் ஒய் அழுத்துங்கள். திரையே வரவில்லை என்றால் ஒரு ராமை மட்டும் 2-வது ஸ்லாட்டில் விட்டு, சிமோஸை க்ளியர் செய்து (பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து) பாருங்கள். கடைசியாக, பயாஸ் அப்டேட் எக்ஸ்எம்பி-யை அணைத்திருக்கும். அதை மறுபடி இயக்க மறந்தால் செலவழித்ததில் ஒரு பகுதி வீண்.

பி450 போர்டு பிசிஐஇ 3.0-தான், அதனால் கார்டு குறையுமா என்ற பயம் பலருக்கு இருக்கும். 3060 பிசிஐஇ-யின் பதினாறு லேனையும் (தகவல் போகும் பாதை) பயன்படுத்துவதால் கவலை இல்லை. 4060, ஆர்எக்ஸ் 6600 போன்ற எட்டு லேன் கார்டுகளில் சாதாரணமாகச் சின்ன இழப்பு. 8 ஜிபி விராம் நிறைந்து வழியும் கேம்களில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியும். இன்டெல் ஆர்க் பி580 கார்டை 2600, 3600 போன்ற பழைய பிராசஸர்களோடு சேர்க்காதீர்கள். அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்கும்.

எப்போது போர்டோடு மாற்றுவது சரி? உங்கள் சாக்கெட்டில் இனி ஏற இடமில்லாதபோது. இன்டெல் ஐ5 9400எஃப் மாதிரி 6 கோர் 6 த்ரெட் வைத்திருப்பவர் பழைய 9900கே தேடி அலைவதைவிட மொத்தமாக மாறுவது நல்லது. 12100எஃப் வைத்திருப்பவருக்கு அந்த நிலை இல்லை. அதே போர்டில் 12400எஃப் அல்லது 12700 போடலாம். 13, 14-ஆம் தலைமுறையின் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் நிலைதடுமாறும் பிரச்சினை இருந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் கூட்டியது. அவற்றை வாங்கினால் 0x12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் உள்ள பயாஸை முதலில் ஏற்றாமல் ஒரு கேம்கூட ஓட்டாதீர்கள். ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்த 13900கே, 14900கே இரண்டையும் செகண்ட்ஸில் தொடவே வேண்டாம்.

புதிதாகவே எடுப்பவருக்கு இன்று ஏஎம்5-தான் என் தேர்வு. 2022-இல் வந்த இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 7500எஃப் அல்லது 7600-இல் ஆரம்பித்து, சில வருடம் கழித்து ஒரு எக்ஸ்3டி-க்கு மாறலாம். ராம் 16 ஜிபி வீதம் இரண்டு, 6000 வேகம், சிஎல்30 (ராமின் தாமதத்தைக் குறிக்கும் எண்). நான்காகப் போடாதீர்கள், வேகம் வெகுவாக இறங்கிவிடும். 8400எஃப், 8500ஜி, 8600ஜி மூன்றும் மேலே சொன்ன அதே 16 எம்பி கதை. பிசிஐஇ லேனும் குறைவு. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் கேமுக்கு அருமையானவை, ஆனால் 1440பி-யில் நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர் அந்தப் பணத்தைக் கார்டில் போடுவதே மேல். டிஎல்எஸ்எஸ் பயன்படுத்துகிறவர் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 4கே-யில் பெர்ஃபார்மன்ஸ் முறை என்றால் கார்டு வரைவது 1080பி-தான். அப்போது பிராசஸரின் சுமை 1080பி-யில் உள்ளதுபோலவே இருக்கும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால், 5600 வாங்கிப் போட்டபின் அதே சேவில், அதே தெருவில், அதே செட்டிங்கில் மறுபடி ஓட்டி, கார்டின் பயன்பாட்டையும் 1 சதவீத லோவையும் பழைய எண்களோடு வைத்துப் பாருங்கள். சைபர்பங்கில் கார்டு 95-ஐத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. இனி எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் கார்டைத்தான் பார்க்க வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அப்போதும் கார்டு கொஞ்சம் சும்மா இருக்கும், அது அந்தக் கேமின் இயல்பு. 2600-ஐ மட்டும் உடனே விற்றுவிடாதீர்கள். புதுப் பிராசஸர் இரண்டு மூன்று வாரம் தடங்கலில்லாமல் ஓடட்டும். நடுவில் பயாஸ் மக்கர் செய்து திரை வராமல் போனால், போர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த அந்தப் பழைய பிராசஸரைப் போட்டுத்தான் உள்ளே போக முடியும்.